தன் குரலைக் கேட்காமல் குழந்தைக்குப் பேச்சு வருமா?

கேள்வி: என் மகளுக்கு 11 மாதம் ஆகிறது. நான்காம் மாதத்தில் 'ஆ', 'ஊ' என்று நிறைய ஒலி எழுப்பியவள் இப்போது அதையும் குறைத்துவிட்டாள். கதவை அறைந்து சாத்தினால் திரும்பிப் பார்க்கிறாள். பிறர் பேசுவதைக் கேட்டுக் கேட்டுத் தானாகப் பேசிவிடுவாள் என்று வீட்டில் சொல்கிறார்கள். காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்க வேண்டாம். பிறர் பேச்சைக் கேட்பது பாதி வேலைதான். உதட்டையும் நாக்கையும் எப்படி அசைத்தால் எந்த ஒலி வரும் என்பதைக் குழந்தை தன் குரலைத் தானே கேட்டு, திருத்தித் திருத்தித்தான் பழகிக்கொள்கிறது. முதல் சில மாதங்களின் 'ஆ', 'ஊ' ஒலிகள் காது கேளாத குழந்தைகளிடமும் வரும் என்பதால், அவற்றை வைத்துச் செவித்திறனை எடைபோட முடியாது. நான் கவனிப்பது அடுத்த கட்டத்தைத்தான்: ஏறத்தாழ 6 முதல் 10 மாதங்களுக்குள் 'பாபாபா', 'மாமாமா' என்று அடுக்கடுக்காக வரும் மழலை, செவித்திறன் மிகக் குறைந்த குழந்தைகளிடம் பெரும்பாலும் தாமதமாகவே தொடங்குகிறது. உங்கள் மகளிடம் அது வந்ததாக நீங்கள் குறிப்பிடவில்லை; அதோடு, இருந்த ஒலியும் குறைந்திருப்பது காத்திருக்காமல் பரிசோதிக்கக் கூடுதல் காரணம்.

நன்றாகப் பேசத் தெரிந்த பெரியவர்களும் தம் குரலைத் தாமே கேட்பதை விட்டுவிடுவதில்லை. அவர்கள் குரலையே ஐந்தில் ஒரு நொடி தாமதித்து ஹெட்போனில் கேட்கச் செய்தால், பலருக்கு நாக்குக் குழறும்.

கதவுச் சத்தத்துக்குத் திரும்புவதை நம்பி இருந்துவிடாதீர்கள். அது உரத்த, தாழ் அதிர்வெண் ஒலி. அதன் அதிர்வைக்கூடக் குழந்தை உணரலாம். பேச்சில் 'ஸ்' போன்ற மெல்லிய, உயர் அதிர்வெண் ஒலிகள் கேட்காத குழந்தையும் அதற்குத் திரும்பும். பிறந்தபோது செய்த பரிசோதனையில் தேறியிருந்தாலும் செவித்திறன் பின்னர் குறையக்கூடும்; நடுக்காதில் நீர் கோத்தாலும் ஒலி மங்கும்.

எனவே காது மூக்கு தொண்டை மருத்துவரையும் செவித்திறன் நிபுணரையும் இப்போதே பாருங்கள். ஓஏஇ (ஒலிக்கு உள்காது தரும் பதிலை அளப்பது), பெரா (ஒலிக்குச் செவி நரம்பும் மூளைத்தண்டும் தரும் பதிலை அளப்பது) ஆகிய இரண்டும் வலியில்லாத பரிசோதனைகள். பெரும்பாலும் குழந்தை தூங்கும்போதே செய்துவிடலாம். குறைபாடு உறுதியானால், அதன் அளவைப் பொறுத்துச் செவிக்கருவியோ, அறுவை சிகிச்சை மூலம் உள்காதில் பொருத்தும் காக்ளியர் இம்பிளான்ட் கருவியோ தேவைப்படலாம். இதில் மாதங்களைக் கடத்துவது நல்லதல்ல. செவித்திறன் சரியாக இருந்தால், குழந்தை நல மருத்துவரிடம் வளர்ச்சி மதிப்பீடு செய்துகொள்ளுங்கள். அதுவரை தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அவள் எழுப்பும் ஒவ்வொரு ஒலிக்கும் முகம் பார்த்துப் பதில் சொல்லுங்கள். பெயர் சொல்லி மெல்ல அழைத்தால் திரும்புகிறாளா என்பதையும் குறித்துவைத்து மருத்துவரிடம் தெரிவியுங்கள்.