பெர்மிட் காணியும் பதினான்கு நாள் கணக்கும்
சட்டத்தரணிகளுக்கான கேள்வி–பதில்

இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கத்தில் அண்மையில் தொழில் தொடங்கியவர்களிடமிருந்து வந்தவை. பல பேர் கேட்ட ஒரே விடயத்தைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: வவுனிக்குளம் திட்டத்தில் ஒரு வயல். தகப்பன் பேரில் அளிப்புப் பத்திரம் இருக்கிறது, அவர் இறந்துவிட்டார். தாயும் மூத்த மகனும் வந்து, "விற்பனை உறுதி எழுதித் தாங்கோ" என்கிறார்கள். எழுதலாமா?
– புதிய நொத்தாரிசு, மல்லாவி

பதில்: இப்போதைக்கு எழுத முடியாது. "எப்போது எழுதலாம்" என்பதற்கும் பதில் அவர்கள் கையிலுள்ள பத்திரத்தில் இல்லை, பதிவேட்டில்தான் இருக்கிறது.

இது 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் காணி. முதலில் பத்திரம் அனுமதிப்பத்திரமா (காணியை வைத்திருக்க அரசு தரும் அனுமதி), அளிப்பா (உரித்தையே தரும் பத்திரம்) என்று பாருங்கள். ஊரில் இரண்டையும் "பெர்மிட்" என்றே சொல்வார்கள், அந்தச் சொல்லை நம்பிக் கோப்பைத் திறக்காதீர்கள். அனுமதிப்பத்திரம் என்றால் பிரதேச செயலகத்தின் காணிப் பேரேட்டைப் பார்க்கவேண்டும். அளிப்பு என்றால் காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்குரிய ஃபோலியோவை (பதிவேட்டுப் பக்கத்தை) எடுத்து முதலிலிருந்து கடைசி வரை வாசியுங்கள்.

அங்கே முக்கியமாகத் தேடவேண்டியது பின்னுரித்தாளர் நியமனம், அதாவது தனக்குப் பின் காணி யாருக்கு என்று உரிமையாளர் பெயரிட்ட பதிவு. நியமனப் படிவத்தில் தகப்பன் கையெழுத்து வைத்திருந்தால் மட்டும் போதாது. அவர் உயிரோடு இருக்கும்போதே அது பதியப்பட்டிருக்கவேண்டும் (60ஆம் பிரிவு). போரின்போது இடம்பெயர்ந்த குடும்பங்களில், நிரப்பிய படிவம் பெட்டிக்குள் கிடக்க, பதிவு மட்டும் நடந்திருக்காது. அந்தப் படிவத்தை வைத்துக்கொண்டு "அப்பா எனக்குத்தான் எழுதினவர்" என்று மகன் சண்டை பிடிப்பார். சட்டத்தில் அதற்குப் பெறுமதி இல்லை.

அடுத்தது தாய். அளிப்புக் காணியின் உரிமையாளர் இறந்தால், நியமிக்கப்பட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழ்க்கைத்துணை 48பி பிரிவின்படி உரித்தடைவார். ஆனால் அந்தப் பிரிவின் கீழ் வரும் உரித்தில் காணியைக் கைமாற்றும் அதிகாரமோ, பின்னுரித்தாளரை நியமிக்கும் அதிகாரமோ கிடையாது. ஆகவே தாய் தனியே கையெழுத்திட்டு விற்கமுடியாது. நியமனமே இல்லையென்றால், தாய்க்குப் பின் யாருக்கு என்பதில் 72ஆம் பிரிவும் மூன்றாம் அட்டவணையும் வரும். அந்த அட்டவணை ஆண் பிள்ளைக்கு முன்னிடம் கொடுத்திருந்தது. 2022ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் அந்தப் பாகுபாட்டை நீக்கியது. தகப்பன் எப்போது இறந்தார் என்பதைக் கோப்பின் முதல் வரியில் எழுதச் சொல்வது இதனால்தான். திருத்தத்துக்கு முந்திய மரணம் என்றால், அன்றிருந்த ஒழுங்கின்படியே உரிமை போய்விட்டது என்ற வாதம் கட்டாயம் எழும். மூத்தவர் மகளாக இருந்தால் இந்த ஒரு திகதியில்தான் முழு வழக்கும் நிற்கும்.

இன்னொன்று: பின்னுரித்தாளர் ஆறு மாதத்துக்குள் காணியின் உடைமையை ஏற்காவிட்டால் உரித்து தவறிவிடும் (68ஆம் பிரிவு). வாழ்க்கைத்துணை உரித்தடைந்திருந்தால் அந்த ஆறு மாதம் துணையின் மரணத்திலிருந்தோ மறுமணத்திலிருந்தோ எண்ணப்படும், இல்லாவிட்டால் உரிமையாளரின் மரணத்திலிருந்து. மகன் வெளிநாட்டில் இருந்து இரண்டு வருடம் கழித்து வந்து கேட்டால், யார் உழுதார், யார் வரி கட்டினார், கமக்காரர் அமைப்பின் பதிவில் யார் பெயர் இருந்தது என்பவற்றையெல்லாம் சேகரிக்கவேண்டும்.

இவ்வளவும் தெளிந்து, உரித்தானவர் பெயர் பதிவாகிய பின்னரும், கைமாற்றத்துக்குப் பிரதேச செயலாளரின் எழுத்துமூலச் சம்மதம் தேவை (42ஆம் பிரிவு). கைமாற்றம் என்பதில் விற்பனை, நன்கொடை மட்டுமல்ல, ஈடும் குத்தகையும் அடங்கும். வயலைத் துண்டாக்கி விற்பதானால் அளிப்பின் அட்டவணையில் எழுதியிருக்கும் மிகச்சிறிய பிரிப்பளவைப் பாருங்கள், அதற்குக் கீழே போகமுடியாது. இந்தச் சட்டத்துக்கு முரணான உறுதியை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தக்கூடாது என்று 162ஆம் பிரிவு நேரடியாகவே உங்களைத்தான் சொல்கிறது. "சம்மதம் பிறகு எடுப்பம், இப்ப ஒரு உடன்படிக்கையும் அட்டோர்னித் தத்துவமும் மட்டும் எழுதுங்கோ" என்று தரகர் கேட்பார் (அட்டோர்னித் தத்துவம் என்பது ஒருவர் சார்பில் கையெழுத்திட மற்றவருக்கு அதிகாரம் தரும் பத்திரம்). அதுதான் வன்னியில் பெரும்பாலான காணித் தகராறுகள் பிறக்கும் வாசல். எழுதாதீர்கள்.

வடபகுதித் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி பங்கு பிரிக்கலாமே என்றும் சிலர் கேட்டிருந்தார்கள். இந்தக் காணிக்கு அது செல்லாது. பின்னுரிமை விடயத்தில் மற்றச் சட்டங்களை 170ஆம் பிரிவு வெளியே நிறுத்திவிடுகிறது.

கேள்வி: சீதனக் காணியை விற்க ஒரு பெண் வந்திருக்கிறார். கணவர் 2009இலிருந்து காணாமல் போனவர். மரணச் சான்றிதழ் எடுக்க அவர் விரும்பவில்லை. கணவரின் சம்மதம் இல்லாமல் உறுதி எழுதலாமா?
– கிளிநொச்சி

பதில்: முதலில், அவருக்குத் தேசவழமை பொருந்துமா என்று கேளுங்கள். வடக்கில் இருக்கும் எல்லாத் தமிழருக்கும் அது தானாகப் பொருந்துவதில்லை, நிரந்தர வாழிடம் எது என்பதே கேள்வி. 1977க்குப் பின் மலையகத்திலிருந்து வந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறிய குடும்பங்கள் பல. அவர்கள் விடயத்தில் இது சாட்சியத்தால் தீரவேண்டிய விடயம். உறுதியில் ஊகித்து எழுதக்கூடாது.

தேசவழமை பொருந்தினால், 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாணத் திருமண உரிமைகளும் மரபுரிமையும் கட்டளைச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, மனைவி தன் அசையாச் சொத்தைக் கைமாற்றக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். வழி 8ஆம் பிரிவில் இருக்கிறது. கணவர் கைவிட்டிருந்தாலோ, இருப்பிடம் தெரியாவிட்டாலோ, சம்மதத்தை நியாயமின்றி மறுத்தாலோ, மாவட்ட நீதிமன்றம் அந்தச் சம்மதம் இல்லாமலே கைமாற்ற அனுமதிக்கலாம். மனு, சத்தியக்கடதாசி, திருமணப் பதிவு, சீதன உறுதி, கிராம அலுவலரின் கடிதம், பொலிஸ் அல்லது ஆணைக்குழு முறைப்பாட்டின் பிரதி ஆகியவற்றை இணையுங்கள். காணாமல் போனோர் அலுவலகத்தில் பதிவு இருந்தால் அதுவும்.

2016ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்த காணக்கிடைக்காமைச் சான்றிதழ் இருந்தால் மனு இன்னும் வலுவாகும். அது மரணத்தை ஏற்றுக்கொள்வது அல்ல என்பதை அந்தப் பெண்ணுக்கு விளக்கிச் சொல்லுங்கள். உறுதி எழுதும் வசதிக்காக மரணப் பதிவுக்கு ஒருவரைத் தள்ளும் பழக்கம் நம் தொழிலில் இருக்கிறது. சட்டம் அதைக் கேட்கவில்லை, நாம்தான் கேட்கிறோம்.

காணி கணவர் பெயரில் இருந்தால் இந்த மனு உதவாது. அது வேறு வழக்கு.

கேள்வி: மேன்முறையீட்டு அறிவித்தலுக்கு 14 நாள் என்கிறார்கள். ஞாயிறும் போயாவும் சேருமா? மேன்முறையீட்டு மனுவுக்கான 60 நாளிலும் அதே கணக்கா?
– முல்லைத்தீவு

பதில்: இரண்டும் இரு வேறு கணக்குகள். குடியியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 754(4) பிரிவில் வரும் 14 நாளில், தீர்ப்பு நாள், சமர்ப்பிக்கும் நாள், ஞாயிறுகள், பொது விடுமுறைகள் விலக்கப்படும். சனிக்கிழமை சேரும், பலர் வழுக்குவது அங்கேதான். 1ஆம் திகதி திங்கட்கிழமை தீர்ப்பு, 10ஆம் திகதி போயா என்று வையுங்கள். செவ்வாய் முதல் எண்ணினால் 7ஆம், 14ஆம் திகதி ஞாயிறுகளையும் போயாவையும் விட்டு, 14ஆவது நாள் 18ஆம் திகதி வியாழன். சமர்ப்பிக்கும் நாள் விலக்கு என்பதால் 19ஆம் திகதியும் வாதத்துக்கு உண்டு. ஆனால் அந்த வாதத்தைச் செய்யவேண்டிய நிலைக்குப் போகாதீர்கள்.

மேன்முறையீட்டு மனுவுக்கான 60 நாளில் (755(3)) அப்படி எந்த விலக்கும் எழுதப்படவில்லை. ஞாயிறும் போயாவும் நாள்தான். அந்த மாதம் 30 நாளும் அடுத்தது 31 நாளும் கொண்டதானால், தீர்ப்பு நாளை விட்டு எண்ண 60ஆவது நாள் அடுத்த மாதம் 31. அதையும் இரண்டு நாள் முந்தியே கொடுத்துவிடுங்கள்.

நாள் சரியாக இருந்தும் மேன்முறையீடு விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் கையெழுத்து. அறிவித்தலில் கையொப்பமிடவேண்டியவர் பதிவுசெய்யப்பட்ட சட்டத்தரணி, அதாவது அந்த வழக்கேட்டில் கட்சிக்காரரின் பிறொக்சி (நியமனப் பத்திரம்) யார் பெயரில் இருக்கிறதோ அவர். தோற்ற கட்சிக்காரர் கோபத்தில் புதிய சட்டத்தரணியிடம் வருவார், அவரும் அவசரத்தில் அறிவித்தலைக் கொடுத்துவிடுவார். பழைய பிறொக்சி வழக்கேட்டில் அப்படியே கிடக்கும். அதை நீதிமன்றத்தின் அனுமதியோடு, முறைப்படி அறிவித்து இரத்துச்செய்து (27ஆம் பிரிவு), புதியதைப் பதிந்த பின்னரே உங்கள் கையெழுத்துக்கு மதிப்பு. நேரம் இல்லையென்றால் பழைய சட்டத்தரணியைத் தொலைபேசியில் கூப்பிட்டு அவரிடமே கையெழுத்து வாங்குங்கள். கௌரவம் பார்க்கிற நேரம் அது அல்ல. அறிவித்தலோடு எதிர்த்தரப்பின் செலவுக்கான பிணையும், பிரதி கொடுத்ததற்கான சான்றும் சேரவேண்டும்.

கேள்வி: கனடாவிலிருந்து தமையன் அட்டோர்னித் தத்துவம் அனுப்புகிறார். எதைக் கவனிக்கவேண்டும்?
– செட்டிகுளம்

பதில்: அங்குள்ள இலங்கைத் தூதரகம் அல்லது துணைத்தூதரகம் ஊடாக அத்தாட்சிப்படுத்தி வந்ததா, இங்கே பதிவு நடந்ததா, காணி அட்டவணை எழுத்துக்கு எழுத்து உறுதியோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். "விற்க" என்ற அதிகாரம் இருந்தால் "நன்கொடை கொடுக்க" என்பதும் அடங்கும் என்று எண்ணவேண்டாம். அட்டோர்னித் தத்துவங்கள் பற்றிய சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. ஆகவே கணினியில் கிடக்கும் பழைய மாதிரியை அனுப்பாதீர்கள். உறுதி எழுதும் அன்று தமையனோடு காணொளி அழைப்பில் முகம் பார்த்துப் பேசுங்கள். அவர் இறந்திருந்தால் அந்தத் தத்துவமும் அவரோடு முடிந்துவிட்டது.

கேள்வி: கருத்தரங்குகள் எல்லாம் கொழும்பில். மாவட்டச் சங்கமாக நாங்களே என்ன செய்யலாம்?
– வவுனியா

பதில்: விரிவுரை வேண்டாம். மாதம் ஒரு பின்னேரம், ஒன்றரை மணி நேரம், ஒரே ஒரு கோப்பு. பெயர்களை மறைத்த உண்மையான வழக்கேடு ஒன்றை இரண்டு நாள் முன்னரே பிரதி எடுத்துக் கொடுத்துவிடுங்கள். முதல் அமர்வுக்கு ஒரு நில அளவையாளரைக் கூப்பிடுங்கள். எல்லையும் வரைபடமும் பிழைத்த உறுதிகளை அவர் காட்டினால் போதும். இரண்டாவதுக்கு பிரதேச செயலகத்தின் காணி உத்தியோகத்தர். மூன்றாவதுக்கு எல்லோரும் காணிப் பதிவகத்துக்கே போய், ஆளுக்கொரு ஃபோலியோவை வாசித்து, அந்தக் காணி இன்று யாருடையது என்று எழுதிக் கொடுக்கவேண்டும்.