சிறுதொழில் செலவும் வருமான வரியும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கீழுள்ள பதில்கள் 2025-26 நிதியாண்டின் வருமானத்துக்கானவை. பிரிவு எண்கள் 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின்படி தரப்பட்டுள்ளன. 2026 ஏப்ரல் 1 முதல் ஈட்டும் வருமானத்துக்கு 2025ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். அதில் எண்கள் வேறு.

மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ஆண்டு விற்பனை 90 லட்சம். 44ஏடி பிரிவில் கணக்குக் காட்டுகிறேன். கடை வாடகை, ஆள் சம்பளம், கரன்ட் பில் இவற்றையும் கழித்துக்கொள்ளலாமா?

கூடாது. செலவெல்லாம் போக இவ்வளவு லாபம் நின்றிருக்கும் என்று சட்டமே எடுத்துக்கொள்ளும் கணக்குதான் 44ஏடி. யுபிஐ, வங்கி வழியாக வந்த விற்பனைக்கு 6 சதவீதம். ரொக்க விற்பனைக்கு 8 சதவீதம். உங்கள் 90 லட்சத்தில் 60 லட்சம் வங்கி வழியாக வந்திருந்தால் அதற்கு 3.6 லட்சம், மீதி 30 லட்சத்துக்கு 2.4 லட்சம், ஆக 6 லட்சம் லாபம். வாடகை, சம்பளம், கடை ஃப்ரிட்ஜின் தேய்மானம் (ஆண்டுதோறும் குறையும் மதிப்பு) எல்லாம் அதற்குள் அடக்கம்.

இந்த 6, 8 சதவீதம் குறைந்தபட்ச அளவுதான். உண்மையில் 10 லட்சம் நின்றிருந்தால் 10 லட்சத்தையே காட்ட வேண்டும். இதை மறந்துவிட்டு, பிறகு வங்கி இருப்புக்கும் கணக்குக்கும் பொருந்தாமல் திண்டாடுபவர்கள் அதிகம்.

லாபம் நிஜமாகவே குறைவு என்றால் முறையாகக் கணக்கெழுதி, ஒவ்வொரு செலவாகக் கழிக்கலாம். ஆனால் ஒரு வருஷம் இது, மறுவருஷம் அது என்று தாவ முடியாது. 44ஏடி-யில் காட்டியவர் அடுத்த 5 ஆண்டுகளுக்குள் அதைவிட்டு வெளியேறினால், அதன்பின் 5 ஆண்டுகளுக்குத் திரும்பி வர முடியாது. மொத்த வருமானம் வரிவிலக்கு வரம்பைத் தாண்டினால் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் கட்டாயமாகிவிடும். ஒரு வருஷ லாபக் குறைவுக்காக இந்த முடிவை எடுக்குமுன் தணிக்கைச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

மரப்பட்டறை நடத்துகிறேன். ஒரே வியாபாரியிடம் காலையில் 8,000, மாலையில் 7,000 ரூபாய்க்குப் பலகை வாங்கி ரொக்கமாகக் கொடுத்தேன். இரண்டு பில்லும் 10,000-க்குக் கீழேதானே?

வரம்பு பில்லுக்கு இல்லை. ஒரு நாளில் ஒருவருக்குக் கொடுத்த மொத்த ரொக்கத்துக்கு. 40ஏ(3) பிரிவின்படி 10,000 ரூபாயைத் தாண்டியதால் முழு 15,000-மும் செலவாக ஏற்கப்படாது; கூடுதலான 5,000 மட்டும் அல்ல. லாரி வாடகைக்கு மட்டும் இந்த வரம்பு 35,000.

செக் கொடுப்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். மூலையில் இரண்டு கோடு போட்டால் போதாது. கோடுகளுக்கு நடுவே 'அக்கவுன்ட் பேயீ' என்று எழுதியிருக்க வேண்டும். கடனுக்கு வாங்கிப் போன வருஷமே செலவெழுதிவிட்டு, இந்த வருஷம் ரொக்கமாக அடைத்தாலும் தப்பாது. அந்தத் தொகை இந்த வருஷ வருமானமாகச் சேரும். இழைப்பு இயந்திரத்தை ஒரே நாளில் 10,000-க்கு மேல் ரொக்கம் கொடுத்து வாங்கினால், அந்தத் தொகைக்குத் தேய்மானமும் கிடையாது. மரத்தை வளர்த்த விவசாயியிடமே நேரடியாக வாங்கினால் இந்தத் தடை இல்லை. வியாபாரியிடம் வாங்கினால் உண்டு.

வீட்டிலிருந்தே டிசைன் வேலை செய்கிறேன், கணக்குப் புத்தகம் உண்டு. டிசம்பரில் 60,000 ரூபாய்க்கு லேப்டாப் வாங்கினேன். முழுவதையும் இந்த வருஷமே கழிக்கலாமா?

முடியாது, அது சொத்து, தேய்மானமாகத்தான் கழியும். கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதம். ஆனால் அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் பாதிதான். டிசம்பரில் வாங்கியதால் இந்த வருஷம் 20 சதவீதம், அதாவது 12,000. அடுத்த வருஷம் மீதி 48,000-க்கு 40 சதவீதம், 19,200. அக்டோபர் 3-க்குள் வாங்கிப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தால் முதல் வருஷமே 24,000 கிடைத்திருக்கும்.

பிள்ளைகளும் அதில் படிக்கிறார்கள் என்றால் தொழிலுக்கான பங்கை மட்டும் எடுங்கள். வீட்டுக் கரன்ட், இணையக் கட்டணத்துக்கும் அதே முறைதான். அறையின் பரப்பு, வேலை நேரம் என எதை வைத்துப் பிரித்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கோப்பில் வையுங்கள். சொந்த வீடாக இருந்தால் உங்களுக்கு நீங்களே வாடகை எழுத முடியாது.

என் கடையில் மனைவியும் வேலை பார்க்கிறார். அவருக்கு மாதம் 20,000 சம்பளம் எழுதினால் வரி குறையுமா?

பெரும்பாலும் குறையாது. தனி உரிமையாளர் தன் தொழிலிலிருந்து மனைவிக்குத் தரும் சம்பளம், 64(1)(ii) பிரிவின்படி கணவரின் வருமானத்தோடேயே சேர்க்கப்படும். ஒரு பக்கம் கழித்தது மறுபக்கம் வந்துவிடும். மனைவிக்குத் தொழில்நுட்பத் தகுதியோ தொழில்முறைத் தகுதியோ இருந்து, அந்தத் தகுதியால் செய்யும் வேலைக்கே சம்பளம் என்றால் சேராது. மருந்துக் கடையில் பார்மசி படித்த மனைவி என்பது நல்ல உதாரணம். அப்போதும் வெளியாள் ஒருவருக்குக் கொடுக்கும் அளவைத் தாண்டினால் கூடுதல் தொகை ஏற்கப்படாது. மேஜரான மகனுக்கோ தம்பிக்கோ தரும் சம்பளத்தில் இந்தச் சேர்ப்பு இல்லை. வேலை உண்மையாக நடந்திருக்க வேண்டும், பணம் வங்கி வழியாகப் போவது நல்லது.

பிப்ரவரி 20-ல் சரக்கு இறக்கிய நூல் மில்லுக்கு ஏப்ரல் 5-ல்தான் பணம் கொடுத்தேன். செலவு எந்த ஆண்டுக்கு?

அந்த மில் உத்யம் பதிவுள்ள (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) குறு அல்லது சிறு நிறுவனமா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால், கெடுவுக்குள் பணம் கொடுக்காவிட்டால் கொடுத்த ஆண்டில்தான் செலவு கழியும் என்கிற 43பி(எச்) பிரிவு பொருந்தும். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லையேல் 15 நாள் கெடு. அது மார்ச் 7-லேயே முடிந்துவிட்டது. எனவே செலவு அடுத்த ஆண்டுக்குப் போகும். 45 நாள் என்று ஒப்பந்தம் எழுதியிருந்தால் கெடு ஏப்ரல் 6. இந்த ஆண்டே கழிக்கலாம். கெடு தாண்டியிருந்தாலும் மார்ச் 31-க்குள் கொடுத்தால் இந்த ஆண்டிலேயே கழியும். எனவே மார்ச் நடுவில் பாக்கிப் பட்டியலை எடுத்து, உத்யம் எண் உள்ளவர்களுக்கு முதலில் பணம் அனுப்புங்கள். நடுத்தர நிறுவனத்துக்கும், வாங்கி விற்கும் வியாபாரிக்கும் இந்தக் கெடு இல்லை.

நகைக்கடன் வட்டியைக் கழிக்கலாமா?

நகை யாருடையது என்பது முக்கியமில்லை, பணம் எங்கே போனது என்பதே கேள்வி. 3 லட்சம் கடனில் 2 லட்சம் சரக்குக்கும் 1 லட்சம் கல்யாணத்துக்கும் போயிருந்தால் வட்டியில் மூன்றில் இரண்டு பங்கு மட்டும் கழியும். கடன் தொகையை நேரே தொழில் கணக்கில் வரவு வைத்தால் நிரூபிப்பது எளிது. அசல் ஒருபோதும் செலவாகாது.

புதிய வரி முறையில் கழிவே இல்லையாமே?

சேமிப்புக்கான 80சி, மருத்துவக் காப்பீட்டுக்கான 80டி போன்ற கழிவுகள்தான் இல்லை. வாடகை, சம்பளம், வட்டி, வழக்கமான தேய்மானம் எல்லாம் உண்டு. 75,000 நிலைக் கழிவு சம்பளக்காரருக்கும் ஓய்வூதியருக்கும் உரியது. வியாபாரிகள் அதைப் போடக் கூடாது. பழைய முறை வேண்டுமானால் உரிய தேதிக்குள் படிவம் 10-ஐஇஏ தாக்கல் செய்யுங்கள். தொழில் வருமானம் இருக்கும்வரை, மீண்டும் புதியதுக்கு வந்தபின் பழையதற்குப் போக முடியாது.

அபராதம், வட்டி?

போக்குவரத்து அபராதம் செலவாகாது. ஜிஎஸ்டியைத் தாமதமாகக் கட்டியதற்கான வட்டி செலவாகும். வருமான வரியும் அதன் வட்டியும் ஆகாது. மூன்றையும் ஒரே தலைப்பில் எழுதாமல் தனித்தனி லெட்ஜர் வையுங்கள்.