வினோதமான பிளாட்ஃபார்ம் சாகச கேம்களில் அப்படி என்ன ஈர்ப்பு? சைக்கோனாட்ஸை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?

சைக்கோனாட்ஸ் கேமில் முகாமைச் சுற்றிச் சுற்றி வந்து எதையெதையோ பொறுக்கியதில் அலுத்துப்போய் நிறுத்திவிட்டதாகக் கேள்வியின் விளக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். "பழைய நினைவுக்காகத்தான் இதைத் தூக்கிப் பிடிக்கிறார்களா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது வரிக்காகத்தான் இந்தப் பதில்.

நீங்கள் நிறுத்தியது அநேகமாக பேசிக் பிரெய்னிங் என்ற பயிற்சி லெவல் முடிந்து, முகாமின் ஆசிரியர்களான சாஷா, மில்லா இருவரின் மனதுக்குள் போவதற்கு முன்பாக இருக்கும். கேமின் மிகச் சவசவப்பான பகுதி அதுதான். பயிற்சி லெவல் வெறும் போர்க்களம், முகாம் வெறும் முகாம். கேமுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த விஷயம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது. அதுவரை பார்த்ததை வைத்து "இது சாதாரண தாவு, குதி கேம்" என்று முடிவுகட்டியது உங்கள் தவறில்லை, கேமின் அமைப்பிலேயே உள்ள குறை.

படிக்கிற மற்றவர்களுக்காகச் சுருக்கமாக: சைக்கோனாட்ஸ் 2005இல் வந்தது. டிம் ஷாஃபரின் டபுள் ஃபைன் ஸ்டுடியோ செய்த முதல் கேம். ராஸ் என்ற சர்க்கஸ் வீட்டுப் பையன், மனோசக்தி உள்ள பிள்ளைகளுக்கான கோடை முகாமுக்குள் திருட்டுத்தனமாக நுழைகிறான். அங்கிருந்து ஒவ்வொருவரின் மனதுக்குள்ளும் புகுந்து வெளியே வருவதுதான் ஆட்டம். ஒரு மனம், ஒரு லெவல்.

ஈர்ப்பு எங்கே இருக்கிறது என்று கேட்டால் என் பதில் ஒன்றே ஒன்றுதான். இந்தக் கேமில் வினோதம் என்பது மேலே பூசிய வண்ணம் இல்லை, ஆட்டத்தின் விதியே அதுதான். ஒருவருடைய மனதில் என்ன கோளாறோ, அதுதான் அந்த லெவலை ஆடும் முறை. விசித்திரமான படம் வரையப் பல ஸ்டுடியோக்களால் முடியும். விசித்திரமான விதியை உண்டாக்கி, அதை ஆடக்கூடியதாகவும் வைப்பது அபூர்வம்.

சாஷா நைனின் மனத்தைப் பாருங்கள். ஒரு கனசதுரம், அவ்வளவுதான். எல்லாம் அடக்க ஒடுக்கமாக, கட்டுக்குள் இருக்கும். ஆறு பக்கத்திலும் நடக்கலாம், விளிம்பைத் தாண்டினால் புவியீர்ப்பு உங்களோடு திரும்பிக்கொள்ளும். தேவையில்லாத எண்ணங்களை முத்திரை குத்தி விரட்டும் சென்சார்களை அளவுக்கு மீறி வரவழைத்ததும் அந்த ஒழுங்கு உடைகிறது. அவர் எப்படிப்பட்ட ஆள் என்று ஒரு வசனம்கூடச் சொல்ல வேண்டியதில்லை. தரையே சொல்லிவிடுகிறது.

மில்லாவின் மனம் இதற்கு நேர் எதிர். விளக்கு, நடனம், பாட்டு, வழுக்கிக்கொண்டு ஓடும் பாதை. லெவிடேஷன் (மிதக்கும் சக்தி) உருண்டையில் ஏறி ஓட்டக் கற்றுத்தரும் இடம் என்பதால் பெரும்பாலானோர் வேகமாக உருண்டு கடந்துவிடுகிறார்கள். முக்கியப் பாதையை விட்டு விலகிப் போனால் குழந்தைகளின் பொருள்கள் கிடக்கும் அறை ஒன்று வரும். அங்கே கால் முளைத்த பெட்டகம் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். அதை அடித்துத் திறந்தால் சில படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். மில்லா பார்த்துக்கொண்ட அனாதை இல்லம் தீப்பிடித்து எரிந்த கதை அது. அதே இடத்தில் இன்னும் கீழே இறங்கினால், அந்தக் கெட்ட கனவுகளை அவள் அடைத்து வைத்திருக்கும் இருட்டறை. கதை முன்னே நகர இதில் எதையும் பார்க்க வேண்டிய அவசியமில்லை. யாரும் கைகாட்டவும் மாட்டார்கள். மூலைமுடுக்கெல்லாம் நுழைந்து பார்க்கும் பழக்கம் இருப்பவருக்கு மட்டும் அது கிடைக்கும். வழக்கமாக ஒளிந்த அறைக்குள் போனால் நாணயம் கிடைக்கும். இங்கே ஒரு ஆள் ஏன் எப்போதும் சிரித்துக்கொண்டே இருக்கிறாள் என்பதற்கு விடை கிடைக்கிறது. அந்த அறையைப் பார்த்தபின் அதே நடனப் பாட்டு வேறு மாதிரி கேட்கும்.

பால்காரர் சதி லெவலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் மாட்டிக்கொள்வது அங்கேதான். மனநலக் காப்பகத்தின் வாசற்காவலர் பாய்ட் கூப்பரின் மனம் அது. எல்லாவற்றிலும் சதியைப் பார்ப்பவர். அமைதியான குடியிருப்புத் தெருக்கள் அப்படியே முறுக்கி ஆகாயத்தில் தொங்கும். நீங்கள் தலைகீழாக நடப்பீர்கள், காலடியில் வானம் இருக்கும். நீளக் கோட்டு போட்ட உளவாளிகள் ஆளுக்கொரு பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பூரிக்கட்டை வைத்திருப்பவர் தன்னை இல்லத்தரசி என்பார், நிறுத்தப் பலகை வைத்திருப்பவர் சாலைப் பணியாளர் என்பார். ஏற்ற இறக்கமே இல்லாத குரலில் ஒப்பிப்பார்கள். அவர்கள் காவல் காக்கும் இடத்துக்குள் நுழைய வேண்டுமானால் நீங்களும் அதே பொருளைக் கையில் ஏந்தியிருக்க வேண்டும். தவறான பொருளோடு போனால் பிடித்து வெளியே தள்ளிவிடுவார்கள்.

மாட்டிக்கொள்பவர்கள் செய்வது ஒன்றுதான்: உளவாளிகள் பேசுவதைக் கேட்காமல், பையில் இருப்பதை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிப் பார்ப்பது. அவர்கள் உளறுவதாகத் தோன்றும் வரிகளில்தான் விடை இருக்கிறது. யார் என்ன வேலை செய்வதாகச் சொல்கிறார், அந்த வேலைக்கு எந்தப் பொருள் என்பதைக் கவனித்தால் போதும். துக்கம் கொண்டாடுபவர்கள் நிற்கும் இடத்துக்குப் பூங்கொத்து, சாக்கடை வேலைக்காரர்கள் இருக்கும் இடத்துக்கு உறிஞ்சுகோல். முதலில் ஒரு முறை சும்மா எல்லாத் தெருவையும் சுற்றி, கிடைக்கும் பொருள்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு வாசல்களைப் பாருங்கள். கிளேர்வாயன்ஸ் பவரைப் பயன்படுத்தி அடுத்தவர் கண் வழியாக ராஸைப் பார்க்கவும் மறக்காதீர்கள். ஒவ்வொருவர் கண்ணுக்கும் அவன் வேறு வேறு உருவமாகத் தெரிவான். அதற்காகத் தனியாகப் படம் வரைந்து வைத்திருக்கிறார்கள்.

ஃப்ரெட் போனபார்ட்டின் மனம் ஒரு பலகை ஆட்டம். விளையாட்டில் ஓயாமல் தோற்று மனம் உடைந்தவர், தன் மூதாதை நெப்போலியனோடு எதிரே உட்கார்ந்திருக்கிறார். மேசையருகே நிற்கும் அளவு, பலகைமேல் நடக்கும் அளவு, பலகையில் இருக்கும் வீட்டுக்குள் நுழையும் அளவு என்று ராஸின் உருவம் மாறுகிறது. நுரையீரல் மீன்களின் நகரத்தில் நீங்கள்தான் ராட்சதன், மக்கள் உங்களைப் பார்த்து அலறி ஓடுகிறார்கள். குளோரியாவின் மனம் நாடக மேடை, ஒளியின் மனநிலையை மாற்றினால் காட்சியே மாறுகிறது. எந்த லெவலின் வித்தையும் அடுத்த லெவலில் திரும்ப வருவதில்லை. தயாரிப்பவர்களுக்கு இது எவ்வளவு செலவு பிடிக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வித்தையைக் கண்டுபிடித்து அதையே இருபது லெவலுக்கு இழுப்பதுதான் எல்லோரும் செய்வது.

சின்ன விஷயம் ஒன்று. பல கேம்களில் எல்லைக்கு அப்பால் தண்ணீரில் விழுந்தால் சாவு, ஏன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். இங்கே ராஸின் குடும்பத்துக்குத் தண்ணீரில்தான் சாவு என்று ஒரு சாபம். கரையோரம் போனாலே தண்ணீரிலிருந்து ஒரு கை எழுந்து இழுக்கும். லெவலின் எல்லைச் சுவரே கதையின் பகுதி ஆகிவிட்டது.

இப்போது "கண்ட்ரோல் மோசம், கேமரா மோசம்" என்று கீழே வந்து எழுதப் போகிறவர்களுக்கு: ஆமாம், குதிப்பதில் துல்லியம் குறைவுதான். துல்லியமான தாவலுக்காக மட்டும் ஆடுபவருக்கு இதைவிட நல்ல கேம்கள் நிறைய இருக்கின்றன. நான் அதை மறுக்கவில்லை. ஆனால் கேள்வி ஈர்ப்பைப் பற்றியது. கண்ட்ரோலர் இருந்தால் அதிலேயே ஆடுங்கள். கீபோர்டில் எட்டுத் திசைதான் கிடைக்கும், லெவிடேஷன் உருண்டையை வளைவில் ஓட்ட அது போதாது. உருண்டைமேல் இருந்தபடி குதித்தால் உயரம் கூடும், குதித்தபின் அதையே தலைக்குமேல் பிடித்து மிதந்து இறங்கலாம். எட்டவில்லை என்று தோன்றும் பெரும்பாலான இடங்கள் இந்த இரண்டையும் சேர்த்தால் எட்டும்.

பொறுக்கும் வேலைக்கு வருவோம், உங்களை அலுக்க வைத்தது அதுதானே. முதல் சுற்றில் ஃபிக்மென்ட்களை எண்ணிக்கொண்டு அலையாதீர்கள். அவை ஒளி ஊடுருவும் கோட்டோவியங்கள், பக்கவாட்டில் இருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது, சில நகர்ந்துகொண்டும் இருக்கும். ஒரு மனத்தில் எல்லாவற்றையும் எடுத்தே தீருவேன் என்று உட்கார்ந்தால் நல்ல லெவலும் தண்டனையாகிவிடும். வழியில் வருவதை எடுங்கள், போதும். சில பவர்கள் ரேங்க் ஏறினால்தான் கிடைக்கும் என்பதால் அடியோடு விட்டுவிடவும் வேண்டாம். அழுதுகொண்டிருக்கும் பெட்டி, கைப்பை போன்றவை ஒரு லெவலுக்கு ஐந்து வகை. ஒவ்வொன்றுக்கும் உரிய அட்டையைத் தேடிக் கொண்டுவந்தால் அழுகை நிற்கும், அந்த லெவலுக்காக வரைந்த ஓவியங்கள் திறக்கும். அந்த ஓவியங்களுக்காகவே இதைச் செய்யலாம். மனப்பெட்டகங்களை மட்டும் ஒன்றையும் விடாதீர்கள். சிலந்திவலை அகற்றும் கருவிக்கு 800 அம்புமுனை (முகாமில் அதுதான் காசு) கேட்பார்கள், விலை அதிகம்தான், ஆனாலும் சீக்கிரமே வாங்கிவிடுங்கள். வலைகளைக் கொடுத்து ரேங்க் ஏற்றலாம், வலைக்குப் பின்னால் வழியும் இருக்கும். பாதியில் வெளியே வர ஸ்மெல்லிங் சால்ட்ஸ் இருக்கிறது, பழைய மனங்களுக்கு, எல்லா மனங்களுக்கும் வாசல் உள்ள கலெக்டிவ் அன்கான்ஷியஸ் என்ற இடம் வழியாகத் திரும்பலாம். விட்டதைப் பிடிக்க நினைத்தால் கடைசி மனத்துக்குள் போவதற்கு முன்பே பிடித்துவிடுங்கள்.

அந்தக் கடைசி மனம் மீட் சர்க்கஸ். அதைப் பற்றி வந்த புகார்கள் எல்லாம் நியாயமானவை. ஒரு குழந்தையைக் காப்பாற்றிக்கொண்டே ஏற வேண்டும், பிறகு தண்ணீர் கீழிருந்து ஏறிக்கொண்டே வரும். அதுவரை யோசிக்கச் சொன்ன கேம் திடீரென்று விரல் வேகத்தைக் கேட்கிறது. 2011இல் வந்த அப்டேட்டில் அதைச் சற்று எளிதாக்கினார்கள், எனவே அப்டேட் செய்த பதிப்பையே ஆடுங்கள். உள்ளே போகும் முன் கடையில் உயிர் ஏற்றும் டிரீம் ஃபிளஃப் நிறைய வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

வழி தெரியாமல் நின்றால், பையில் இருக்கும் பன்றி இறைச்சித் துண்டை எடுத்துக் காட்டினால் முகாமில் இருக்கும் கிழவர் ஃபோர்ட் க்ரல்லர் ராஸின் காதிலிருந்து வெளியே வந்து குறிப்புச் சொல்வார். கூப்பிட்டால்தான் வருவார். இதைச் சொல்லும்போது ஒரு ஆதங்கம் வருகிறது. இப்போது வரும் பெரிய கேம்களில் புதிர் முன்னால் போய் நின்று பத்து நொடி ஆகவில்லை, கூட வரும் பாத்திரம் விடையைச் சொல்லிவிடுகிறது. ஏறவேண்டிய விளிம்புக்கெல்லாம் மஞ்சள் பெயின்ட். யோசிப்பதற்காகத்தான் அந்த இடத்தையே கட்டினீர்கள், பிறகு ஏன் யோசிக்க விடமாட்டேன் என்கிறீர்கள்? உதவி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கேட்கும்போது கொடுங்கள் என்கிறேன். வீடியோ போடுபவர்களும் கடைசி எதிரியின் முகத்தைத் தலைப்புப் படத்திலேயே வைக்கிறார்கள். தேடவே தேடாதவருக்கும் முடிவு தெரிந்துபோகிறது. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மனநோயை வேடிக்கையாக்குகிறது என்ற விமர்சனத்தையும் தள்ளிவிட முடியாது. 2005ஆம் ஆண்டுப் பதிப்பில் காப்பகத்தைக் காட்டும் விதம் பழைய கார்ட்டூன் பாணிதான். ஆனால் அங்கே இருக்கும் நால்வரில் யாரையும் ராஸ் கேலி செய்வதில்லை, அவர்கள் சிக்கியிருக்கும் முடிச்சைத்தான் அவிழ்க்கிறான். 2021 ஆகஸ்டில் வந்த இரண்டாம் பாகம் இதை இன்னும் பொறுப்போடு கையாள்கிறது. அதில் பயிற்சிக்கு வந்தவர்களுக்குப் பாடம் எடுக்கும் ஹாலிஸ் ஃபார்சைத்தின் மனதுக்குள் போய், ராஸ் தன் வசதிக்காக அவருடைய எண்ணங்களுக்கு இடையே உள்ள இணைப்புகளை மாற்றிப் போடுகிறான். விளைவு, ஒழுங்கான மருத்துவமனையாக இருந்த மனம் சூதாட்ட விடுதியாகிவிடுகிறது. தான் கெடுத்ததைத் தானே சரிசெய்ய வேண்டியதுதான் அந்த லெவல். அனுமதியில்லாமல் அடுத்தவர் மனத்தில் கைவைக்கலாமா என்ற கேள்வியை வசனமாகச் சொல்லாமல் ஆடவைத்துச் சொல்கிறார்கள்.

முதல் பாகம் பிடிபடவில்லை என்றால் நேரடியாக இரண்டாம் பாகத்துக்கே போகலாம், தொடக்கத்தில் முன்கதைச் சுருக்கம் வருகிறது. ஓட்டம், குதிப்பு எல்லாம் நன்றாக இழைத்திருக்கிறார்கள். எதிரிகளுக்கும் அதே தர்க்கம்தான். ஒட்டிக்கொண்டு வேகத்தைக் குறைக்கும் சந்தேகம், பறந்துவந்து பாரத்தைத் தலையில் போடும் வருத்தம், கண்ணிமைக்கும் நேரத்தில் பாயும் பதற்றம். சந்தேகத்தை எரியுங்கள், பதற்றத்தை டைம் பபிள் என்ற பவரால் மெதுவாக்கிவிட்டு அடியுங்கள். மற்றவர்களுக்கு அடிபடாமல் காக்கும் எனேப்ளர் ஒன்று கூட்டத்தில் நின்றால் முதலில் அதைத் தீர்த்துவிட்டு மற்றவற்றுக்கு வாருங்கள், இல்லையென்றால் அடியெல்லாம் வீண். சண்டையே வேண்டாம் என்றால் செட்டிங்ஸில் அடிபடாமல் இருக்கும் வசதி, விழுந்தாலும் உயிர் குறையாத வசதி இரண்டும் உண்டு. அவற்றைப் போட்டு ஆடினால் ஆடியதாகாது என்று சொல்பவர்களைக் கண்டுகொள்ள வேண்டாம்.

பழைய நினைவுதான் காரணம் என்ற உங்கள் ஊகத்துக்கு வருகிறேன். முதல் பாகம் வந்தபோது விற்பனை படுமோசம். 2005 முடிவதற்குள் ஒரு லட்சம் பிரதிகூடப் போகவில்லை என்பதுதான் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. அதாவது இன்று பாராட்டுபவர்களில் பெரும்பாலானோர் அதைப் பிறகுதான் ஆடியிருக்க வேண்டும். இரண்டாம் பாகத்துக்காக மக்களிடம் நிதி கேட்டபோது 38 லட்சம் டாலருக்கும் மேல் சேர்ந்தது. சின்ன வயதில் வாங்கியவர்களே அவ்வளவு குறைவாக இருக்கும்போது, சின்ன வயது நினைவு என்ற வாதம் எப்படி நிற்கும்?

முழு ஆட்டமும் சுமார் 12 மணி நேரம். சேவ் இன்னும் அழியாமல் இருந்தால், முகாமில் பொறுக்குவதை விட்டுவிட்டு நேராக சாஷாவின் ஆய்வகத்துக்குப் போங்கள், பிறகு மில்லா. பால்காரர் லெவலை முடித்தபின்னும் ஒட்டவில்லை என்றால் தாராளமாக நிறுத்திவிடலாம். அதற்கு முன் மட்டும் வேண்டாம்.