கிளையன்ட்டைப் படமெடுக்கலாமா?

கேள்வி: கோவையில் உளவியல் சிகிச்சையாளராக இருக்கிறேன். கலைப் புகைப்படத்திலும் தீவிரமாக இறங்கி, கண்காட்சி வைக்கத் தயாராகிறேன். என்னிடம் வருபவர்களின் சம்மதத்தோடு அவர்களையே எடுக்கலாமா? இரண்டு தொழிலும் ஒத்துப்போகுமா?

பதில்: தாராளமாக ஒத்துப்போகும். ஆனால் கிளையன்ட்டுகளை எடுக்காதீர்கள், எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தாலும். மனதைத் திறந்து கொட்டியவருக்கு உங்களிடம் முடியாது என்று சொல்ல வாய் வராது. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவு, மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் புகைப்படத்தை அவர் சம்மதமின்றி ஊடகத்துக்குத் தரக்கூடாது என்கிறது. சட்டத்துக்குச் சம்மதம் போதும், உங்களுக்குப் போதாது.

இந்த ஆசை பழையது. 1850களில் இங்கிலாந்தின் சர்ரே காப்பகத்தில் மனநல மருத்துவர் ஹியூ வெல்ச் டயமண்ட், தன் பொறுப்பிலிருந்த பெண்களைப் படமெடுத்தார். முகத்தில் நோயைப் படிக்கலாம், தன் படத்தைப் பார்ப்பது நோயாளிக்கே உதவும் என்று நம்பினார். நல்ல எண்ணம்தான். படங்களும் அருமை. மறுக்கும் நிலையில் அந்தப் பெண்கள் இருந்தார்களா என்பதுதான் கேள்வி.

முகம் இல்லாமல் எடுத்தால்? நாற்காலியில் ஒருவர் மறந்துவிட்டுப் போன துப்பட்டா, பக்கத்தில் கசங்கிய டிஷ்யூ: பிரமாதமான ஃப்ரேம், ஒத்துக்கொள்கிறேன். வேறு யாருக்கும் அடையாளம் தெரியாது, துப்பட்டாக்காரிக்குத் தெரியும். கண்காட்சிச் சுவரில் அதைப் பார்த்தவர் மறுபடி உங்கள் முன் மனம்விட்டு அழுவாரா?

உங்கள் சொந்த வாழ்க்கைப் படங்களிலும் நிதானம் வேண்டும். அம்மாவின் கடைசி நாட்களைத் தொடராக வைத்தால், கிளையன்ட் கூகுளில் தேடிப் பார்த்துவிடுவார். அடுத்த செஷனில் தன் கதையை விட்டுவிட்டு உங்களுக்கு ஆறுதல் சொல்ல ஆரம்பிப்பார். எடுங்கள், காட்டுவதில் அவசரப்படாதீர்கள்.

மற்றபடி, கண்காட்சி அழைப்பைக் கிளினிக் வாட்ஸ்அப்பிலிருந்து அனுப்ப வேண்டாம். இன்ஸ்டாகிராம் கணக்கும் தனியாக இருக்கட்டும். திறப்பு விழாவில் கிளையன்ட் வந்தால் நீங்களாகப் போய்ப் பேசாதீர்கள், பக்கத்தில் நிற்பவர் "இவங்க யாரு?" என்பார். சிகிச்சை நடக்கும்வரை அவருக்குப் பிரிண்ட் விற்கவும் வேண்டாம். பிரிண்ட் காசில் கிளினிக் வாடகை கட்டிவிடலாம் என்ற கணக்கும் ஆரம்பத்தில் உதவாது, ஃபிரேம் செலவே கையைக் கடிக்கும். வாரத்தில் ஒரு முழு நாளைக் கேமராவுக்கு ஒதுக்குங்கள். இரண்டு செஷன்களுக்கு நடுவே உட்கார்ந்து எடிட் செய்தால் அடுத்து வருபவர் பேசுவது காதில் ஏறாது.

படங்களைத் தேர்ந்தெடுத்ததும் உங்கள் சூப்பர்வைசரிடம் (உங்கள் சிகிச்சைப் பணிக்கு வழிகாட்டும் மூத்த சிகிச்சையாளரிடம்) ஒருமுறை காட்டிவிடுங்கள், பிரிண்டுக்குக் கொடுப்பதற்கு முன்பே.