இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் நோயான ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனுக்குச் செய்யப்படும் கதீட்டர் அப்லேஷன் (மெல்லிய குழாயை இரத்தக்குழாய் வழியே இதயத்துக்குள் செலுத்தி, கோளாறான மின்தொடர்பைத் துண்டிக்கும் சிகிச்சை) சிலருக்கு மட்டும் நிலைத்த பலன் தருவது ஏன்?

நோய் எவ்வளவு காலம் முற்றியிருக்கிறது என்பதே முதல் காரணம். இந்தத் தாறுமாறான துடிப்பைத் தூண்டும் மின்பொறிகள் பெரும்பாலும் நுரையீரல் சிரைகளிலிருந்தே கிளம்புகின்றன என்பதை 1998இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் காட்டியதிலிருந்து, அச்சிரைகளை இதயத்தின் இடது மேலறையிலிருந்து மின்னியல் ரீதியாகத் துண்டிப்பதே சிகிச்சையின் அடிப்படையாக இருந்துவருகிறது. விட்டுவிட்டு வரும் நிலையில் இது நன்கு பலிக்கிறது. நோய் இடைவிடாமல் நீடித்து, மேலறை விரிந்து, சுவரில் தழும்புத் திசு படர்ந்துவிட்டால், சிரைகளுக்கு வெளியேயும் தூண்டல்கள் எழக்கூடும் என்பதால் வாய்ப்பு குறைகிறது. துண்டித்த இடம் ஆறும்போது மின்தொடர்பு மீண்டும் உண்டாவதும் வழக்கமே. சிலருக்கு இரண்டாம் முறை தேவைப்படுவது பெரும்பாலும் இதனால்தான். உடற்பருமன், உயர் இரத்த அழுத்தம், உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மது ஆகியவையும் பலனைக் குறைக்கலாம்; இவை நோயாளி மாற்றிக்கொள்ளக்கூடியவை என்றாலும், அவற்றுக்குப் போதிய கவனம் தரப்படுவதில்லை என்பது என் கருத்து.