வலியே இல்லாத பித்தப்பைக் கல்: எடுப்பதா, விடுவதா?

கேள்வி: என் மனைவிக்கு வயது 44. சிறுநீர்த் தொற்றுக்காக எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில், பித்தப்பையில் பல சிறு கற்கள் இருப்பது தெரிந்தது. பெரியது 9 மி.மீ. இதுவரை வலி வந்ததில்லை. சாப்பிட்ட பிறகு உப்புசமும் ஏப்பமும் மட்டும் உண்டு. உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் புற்றுநோயாகிவிடும் என்று ஒருவர் பயமுறுத்துகிறார். ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் குடித்தால் ஒரே இரவில் கல் வெளியேறிவிடும் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் பேச்சையும் கேட்க வேண்டாம்.

வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்கப்போய்த் தற்செயலாகக் கண்ணில் படும் பித்தப்பைக் கற்களில் பெரும்பாலானவை ஆயுசுக்கும் தொல்லை தருவதில்லை. அப்படிக் கல் இருப்பவர்கள் 100 பேரில், ஓராண்டில் இரண்டு மூன்று பேருக்குத்தான் தொந்தரவு தொடங்கும். அதுவும் பெரும்பாலும் வலியாகத்தான் முதலில் தலைகாட்டும். யோசித்து முடிவெடுக்க அவகாசம் இருக்கும். ஆகவே உங்கள் மனைவிக்கு இப்போது ஆபரேஷன் தேவையில்லை.

உப்புசமும் ஏப்பமும் கல்லால் வருபவை அல்ல. கல் வலியின் போக்கே வேறு. மேல்வயிற்றின் நடுவிலோ வலது விலாவுக்குக் கீழோ பிடிக்கும். விட்டுவிட்டு வராமல், அரை மணி நேரத்துக்கு மேல், சில சமயம் நாலைந்து மணி நேரம்கூட ஒரே சீராக நிற்கும். வலது தோள்பட்டை எலும்பு வரை பரவும். எப்படித் திரும்பிப் படுத்தாலும் அடங்காது. இப்படி ஒருமுறை வந்தாலே அடுத்தது வரும் வாய்ப்பு அதிகம். அப்போது பித்தப்பையை எடுத்துவிடுவதுதான் சரி. உப்புசத்துக்காக எடுத்தால் உப்புசம் போகாது. பித்தப்பையை ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டு ஏப்பத்தோடு வீடு திரும்பியவர்கள் நிறையப் பேர்.

புற்றுநோய் பயத்துக்கும் அளவு உண்டு. 3 செ.மீ.க்கு மேல் கல், 10 மி.மீ. அல்லது அதற்கு மேல் பாலிப் (பித்தப்பையின் உட்சுவரில் வளரும் சிறு சதை), சுண்ணாம்பு படிந்த பித்தப்பைச் சுவர், இவற்றில் ஏதாவது ரிப்போர்ட்டில் இருந்தால் சர்ஜனைப் பார்த்தே ஆக வேண்டும். நீங்கள் எழுதியதில் இவை எதுவும் இல்லை. ஸ்கேன் எடுப்பவர் கண்டதையெல்லாம் எழுதிவிடுகிறார், எது முக்கியம் என்று சொல்வதில்லை. ‘அறிகுறிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கவும்’ என்று கடைசி வரியில் போட்டுவிட்டால் அவர் வேலை முடிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய டாக்டருக்கோ ஒரு நோயாளிக்கு ஐந்து நிமிடம். ‘வேண்டாம்’ என்பதற்குக் காரணம் சொல்ல அரை மணி நேரம் ஆகும். அட்மிஷன் சீட்டு எழுத அரை நிமிடம் போதும். எது நடக்கும் என்று நான் சொல்ல வேண்டுமா?

அப்புறம் அந்த எண்ணெய் வைத்தியம். குடித்த மறுநாள் மலத்தில் பச்சைப் பச்சையாக உருண்டைகள் வரும், உண்மைதான். அவை கற்கள் அல்ல. குடித்த எண்ணெயே குடலில் சோப்பாக மாறித் திரண்டு வருகிறது. இப்படி வந்த உருண்டைகளை ஆய்வகத்தில் சோதித்தபோது, பித்தக்கல்லில் இருக்க வேண்டிய கொலஸ்டிராலோ பிலிருபினோ கால்சியமோ அவற்றில் இல்லை. 40 டிகிரி சூட்டில் பத்தே நிமிடத்தில் உருகி எண்ணெயாகிவிட்டன. குடிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கேனை அருகருகே காட்டச் சொல்லுங்கள், விற்பவர் பேச்சை மாற்றிவிடுவார். அதோடு கொடுக்கும் பேதி உப்பால் நீர்ச்சத்து வற்றி அவதிப்படுவதுதான் மிச்சம்.

கல் கரைக்கும் மாத்திரை என்று ஒன்று உண்டு, அர்சோடிஆக்சிகோலிக் அமிலம். சுண்ணாம்பு ஏறாத சிறு கொலஸ்டிரால் கற்களில் மட்டும், மாதக்கணக்கில் சாப்பிட்டால் ஓரளவு பலன் தரும். நிறுத்திய சில ஆண்டுகளில் பாதிப் பேருக்குக் கல் திரும்பிவிடுகிறது. ‘லேசர் ஆபரேஷன், தழும்பே இருக்காது’ என்று போனில் ஆள்பிடிக்கும் ஏஜெண்டுகளை நம்பாதீர்கள். பித்தப்பையை எடுக்க லேசர் தேவையே இல்லை. சிறு துளைகள் வழியாகச் செய்யும் வழக்கமான லேப்ராஸ்கோபிக்குத்தான் அந்தப் பெயரை வைத்து விற்கிறார்கள். அந்த ஏஜெண்டுக்குக் கமிஷன் போய்ச் சேருவது உங்கள் பில்லிலிருந்துதான்.

இப்போது, காத்திருக்கக் கூடாத ஒரு நிலைமை. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் சிறு கற்கள்தான் இந்த வேலையைச் செய்யும். பித்தப்பையிலிருந்து நழுவும் கல், பித்தம் குடலுக்குப் போகும் குழாயான பித்தநாளத்தில் போய் அடைத்துக்கொண்டால் கண் மஞ்சளாகும், சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போகும், மலம் வெளுக்கும், உடம்பு அரிக்கும். கூடவே குளிர்நடுக்கத்தோடு காய்ச்சலும் வந்தால் நாளத்தில் சீழ் பிடிக்கிறது என்று அர்த்தம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரி. மேல்வயிற்று வலி முதுகுக்குப் பாய்ந்து வாந்தியும் எடுத்தால் கணையம் வீங்கியிருக்கலாம், அதற்கும் இதே அவசரம்தான்.

நாளத்தில் இருக்கும் கல்லைச் சாதாரண ஸ்கேன் அடிக்கடி தவறவிடும். சந்தேகம் இருந்தால் முதலில் எம்ஆர்சிபி, அதாவது பித்தநாளத்தைப் பார்க்கும் எம்ஆர்ஐ ஸ்கேன். அது படம் மட்டும் எடுக்கும், உள்ளே எதையும் விடாது. ஈஆர்சிபி என்பது வாய் வழியாகக் குழாய் விட்டுக் கல்லை எடுக்கும் சிகிச்சை. அதைச் செய்துகொள்பவர்களில் 100க்கு மூன்று பேருக்காவது கணைய அழற்சி வருகிறது. ‘சும்மா ஒருமுறை பார்த்துவிடலாமே’ என்று யாராவது அதற்கு எழுதிக்கொடுத்தால், எம்ஆர்சிபி ஏன் போதாது என்று கேளுங்கள். நாளத்துக் கல்லை எடுத்த பிறகும் பித்தப்பை அங்கேயேதான் இருக்கும், அதிலிருந்து அடுத்த கல் நழுவும். உடம்பு தாங்கும் என்றால், முடிந்தவரை அதே அட்மிஷனிலேயே பித்தப்பையையும் எடுத்துவிட வேண்டும். ‘ஆறு வாரம் கழித்து வாருங்கள்’ என்று வீட்டுக்கு அனுப்பி, மூன்றாம் வாரமே மஞ்சள் காமாலையோடு திரும்பி வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அப்படி ஒரு நிலை வந்தால், ஆபரேஷன் தேதியைக் கையில் வாங்காமல் வார்டை விட்டு நகராதீர்கள்.

இப்போதைக்கு ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வலி இல்லாதவரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுக்கத் தேவையில்லை. உப்புசத்துக்கு ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள். அவரிடம் முதலில் உப்புசத்தைச் சொல்லி முடியுங்கள், ஸ்கேன் ரிப்போர்ட்டை அப்புறம் நீட்டுங்கள். அதை முதலில் கொடுத்தால் பேச்சு மறுபடியும் கல்லுக்கே போய்விடும்.