60 நாள் கழிந்தால் ஜாமீன் தானாகக் கிடைக்குமா?

கேள்வி: என் தம்பி மோசடி வழக்கு ஒன்றில் கைதாகி 56 நாள்களாக நீதிமன்றக் காவலில் இருக்கிறான். பிணை மனு இருமுறை தள்ளுபடியாகிவிட்டது. "60 நாள் கழியட்டும், தானாக ஜாமீன் கிடைத்துவிடும்" என்கிறார் தெரிந்தவர் ஒருவர். இதை நம்பிக் காத்திருக்கலாமா?

பதில்: அவர் சொன்னதில் "தானாக" என்ற ஒரு சொல்தான் பிழை, ஆனால் அந்தப் பிழையால் பிணையையே இழந்தவர்கள் உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187(3)ஆம் பிரிவின்படி, 60 நாள்களுக்குள் காவல்துறை குற்றப்பத்திரிகையைத் தாக்கல் செய்யாவிட்டால், சிறையில் இருப்பவருக்குப் பிணை பெறும் உரிமை பிறக்கிறது. மரண தண்டனை, ஆயுள் தண்டனை, பத்தாண்டோ அதற்கு மேலோ சிறை என்னும் அளவிலான குற்றங்களுக்கு மட்டும் இந்தக் கெடு 90 நாள்.

எனவே முதலில் முதல் தகவல் அறிக்கையில் உள்ள பிரிவுகளைப் பாருங்கள். தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் மோசடிக்கான 318(4) பிரிவு மட்டும் இருந்தால், அதற்கு உச்ச அளவு ஏழாண்டு என்பதால் உங்களுக்கு 60 நாள் கணக்குதான். மதிப்புள்ள ஆவணத்தைப் போலியாகத் தயாரித்ததாக 338ஆம் பிரிவும் இருந்தால், அது ஆயுள் தண்டனை வரை செல்லக்கூடியது என்பதால் கெடு 90 நாளாகிவிடும். இப்பிரிவு பின்னர் சேர்க்கப்பட்டிருக்கிறதா என்பதையும் நீதிமன்றத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

நாள்களை எண்ணுவதிலும் கவனம் வேண்டும். கணக்கு கைதான நாளிலிருந்து அல்ல, நடுவர் (மாஜிஸ்திரேட்) முதன்முதலாக ரிமாண்ட் செய்த, அதாவது காவலில் வைக்க உத்தரவிட்ட, நாளிலிருந்து தொடங்குகிறது. அந்த நாளும் கணக்கில் சேரும் என்று கபில் வாதவான் வழக்கில் 2023இல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. ஜூன் 10ஆம் தேதி ரிமாண்ட் என்றால் ஆகஸ்ட் 8 அறுபதாம் நாள். ஆகஸ்ட் 9 அன்று உரிமை பிறக்கும்.

அன்று காலை நீதிமன்றம் தொடங்கும்போதே இந்தப் பிணையைக் கேட்கும் மனு உள்ளே போயிருக்க வேண்டும். நீங்கள் மாலை வரை தாமதித்து, மதியமே குற்றப்பத்திரிகை தாக்கலாகிவிட்டால், கேட்கப்படாத உரிமை அத்துடன் அற்றுப்போகும். மாறாக, மனு முதலில் பதிவாகிவிட்டால், பிறகு வரும் குற்றப்பத்திரிகை அதைத் தோற்கடிக்க முடியாது. சென்னை வழக்கொன்றிலிருந்து சென்ற எம். ரவீந்திரன் மேல்முறையீட்டில் 2020இல் இது உறுதியாகச் சொல்லப்பட்டது. ஆகவே மனு தாக்கலான நேரத்துக்குச் சான்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய மனுக்கள் தள்ளுபடியானது இதற்குத் தடையாகாது. வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்றால், காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

மோசடி வழக்குகளில் "இவ்வளவு பணம் கட்டினால் பிணை" என்ற நிபந்தனை வருவதுண்டு. வழக்கமான பிணையில் அது எப்படியோ, இந்த வகைப் பிணையில் அப்படிப் பணம் கட்டச் சொல்லக் கூடாது என்று தமிழகத்திலிருந்து சென்ற சரவணன் வழக்கில் 2020இல் உச்ச நீதிமன்றம் கூறி, எட்டு லட்சம் ரூபாய் செலுத்தும் நிபந்தனையை நீக்கியது. அப்படி உத்தரவு வந்தால் கடன் வாங்க ஓடாமல், அந்த நிபந்தனையை எதிர்த்து மேலே செல்லுங்கள்.

பெரும்பாலானோர் சறுக்குவது ஜாமீன்தாரர் விஷயத்தில்தான். பிணை உத்தரவு வந்த பிறகும் பிணைப்பத்திரம் கொடுக்காமல் நாள் கடத்தினால், இடையில் வரும் குற்றப்பத்திரிகையால் அந்தப் பயனை இழக்க நேரிடலாம். இன்னும் நான்கு நாள் இருக்கிறது. ஜாமீன் தரச் சம்மதிக்கும் இருவரை, அவர்களில் ஒருவர் நெருங்கிய உறவினராக இருக்கும்படி, இப்போதே பேசி வைத்து, ஆதார், குடும்ப அட்டை, வீட்டு வரி ரசீது ஆகியவற்றின் அசலையும் நகலையும் தயாராக வைத்திருங்கள்.